காலேஜா, கடையா? கேமரா பிடிக்கக் கிளம்பிய என் மகள்

சென்ற வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், காலைக் காப்பியோடு எங்கள் வீட்டில் சண்டையும் ஆரம்பமாகிவிட்டது.

"அப்பா, நான் விஸ்காம் படிக்கப் போறேன். போட்டோகிராபிதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் என் பெண்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நம்ம கடையிலே இல்லாத கேமராவா? வீட்டிலேயே ஸ்டுடியோவை வெச்சுக்கிட்டு, அதைக் கத்துக்க வெளியூர்லே போய் பீஸ் கட்டணுமா? எங்கப்பா எந்தக் காலேஜுக்குப் போனார்?"

"தாத்தா காலம் வேற, இந்தக் காலம் வேறப்பா."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டையை அடைத்தது. காரணம், அப்பா சொன்னதும் உண்மை, பெண் சொன்னதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். அதைத்தான் உங்களிடம் சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் நிறையப் பெண் குழந்தைகள் 'போட்டோகிராபர் ஆகப் போகிறேன்' என்கிறார்கள். வீட்டில் இருக்கும் நம்மைப் போன்ற தாய்மார்களே சிலர், கையில் இருக்கும் ஓய்வு நேரத்தில் இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கிறார்கள். யாருக்காவது பயன்படும்.

மாமா நடத்திய பள்ளிக்கூடம்

நான் படித்தது பிளஸ் டூ வரைதான். 2000-ம் வருஷம் கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தபோது, மாமனாருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பிலிம் கேமராதான். பின்னால் ஓர் இருட்டறை. மாமா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பத்து வயதில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, தட்டு கழுவி, தண்ணீர் சுமந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர்.

கல்யாணமான புதிதில், மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒருநாள், "கொஞ்சம் உள்ளே வாம்மா, இதைப் பாரு" என்று இருட்டறைக்குள் கூப்பிட்டார். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதம் டெவலப்பர் தட்டில் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு குழந்தையின் கண்ணும் மூக்கும் மெதுவாக எழும்பி வந்தன. கோயிலில் திரை விலகும்போது வருமே, அதே சிலிர்ப்பு எனக்கு!

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு போனால் ஒரு மணி நேரம் அங்கேதான். ஹைப்போவில் எவ்வளவு நேரம் ஊற வைப்பது, நெகட்டிவில் முகத்துத் தழும்பைக் கூர் சீவிய பென்சிலால் எப்படி மறைப்பது என்று எல்லாம் கற்றுக் கொடுத்தார். சித்திரை வெயிலில் டெவலப்பர் தட்டை, ஐஸ் போட்ட பெரிய தட்டுக்குள் வைப்பார். "ஏன் மாமா?" என்றால், "சூடானா படம் கெட்டுப் போகும்மா" என்பார். அவ்வளவுதான் விளக்கம். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குப் பொதுவாக 20 டிகிரி செல்சியஸ்தான் அளவு என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். மாமாவுக்கு அந்த எண் தெரியாது. ஆனால் விரலை விட்டுப் பார்த்தே சரியாகச் சொல்லிவிடுவார்.

மாமாதான் என் கையில் கேமராவையும் கொடுத்தார். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் பெண்கள் ஆண் போட்டோகிராபர் முன்னால் கூச்சப்படுவார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு வரும்" என்று என்னை அனுப்பினார். முதல் தடவை கை நடுங்கியது. "கேமராவைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மனுஷங்களைப் பிடிம்மா. போன உடனே படம் எடுக்காதே. பூ கட்ட உதவி பண்ணு, குழந்தையைத் தூக்கு, பேசு. அப்புறம் கேமராவை எடு" என்று சொல்லி அனுப்பினார். எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுப்பார்கள், சொல்லுங்கள்!

படிப்பு கைவிட்ட நாள்

2018-ல் எங்கள் கடைக்கு ஒரு தம்பி வேலைக்கு வந்தான். மூன்று வருஷம் காலேஜில் இதையே படித்தவன். மாமா அப்போது காலமாகிவிட்டார். தம்பி லென்ஸைப் பற்றி, ஒளியைப் பற்றிப் பேசினால் நானும் என் கணவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம். அவன் எடுத்த படங்களும் பத்திரிகையில் வருவது போல இருக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு அவனை அனுப்பினோம். மாப்பிள்ளையின் கையில் ஐயர் தாலியைக் கொடுக்கிற நேரம். 'இன்னொரு லென்ஸ் போட்டால் நன்றாக இருக்கும்' என்று தம்பி பையைத் திறந்திருக்கிறான். கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அட்சதையோடு உறவினர்கள் அத்தனை பேரும் எழுந்து மணமேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் தம்பிக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான். மூன்றாவது முடிச்சுப் போடும் படம் ஒன்று, அதுவும் பாதி மறைந்து, மிஞ்சியது.

கெட்டிமேளம் என்றால் கூட்டம் எழுந்திருக்கும், அதற்கு முன்பே மணமேடை ஓரத்தில் நம் இடத்தைப் பிடித்து நிற்க வேண்டும், அந்த நேரத்தில் லென்ஸை மாற்றவே கூடாது என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. நாதஸ்வரக்காரரின் முகத்தையும் ஐயரின் கையையும் பார்த்தே 'இதோ வரப்போகிறது' என்று தெரிந்துகொள்ள, பத்துக் கல்யாணத்துக்காவது பெட்டி தூக்கியிருக்க வேண்டும். பெண் வீட்டாரிடம் நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

"பார்த்தியா? படிச்சவன் லட்சணத்தை!" என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அனுபவம் கைவிட்ட நாள்

ஆனால் 2022-ல் எனக்கே ஒரு பாடம் காத்திருந்தது.

சத்தமில்லாமல் படம் எடுக்கும் வசதி உள்ள புதுக் கேமரா வாங்கியிருந்தோம். ஒரு வளைகாப்புக்கு நான்தான் போனேன். மண்டபம் முழுக்க எல்.இ.டி. விளக்குகள். சடங்கில் சத்தம் வேண்டாமே என்று அந்த சைலண்ட் வசதியைப் போட்டுக்கொண்டு, கை அசைவு பதியாமல் இருக்க ஷட்டர் வேகத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு, சளைக்காமல் எடுத்தேன். அந்தப் பெண்ணின் பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர், நடுங்கும் கையால் பேத்திக்கு முதல் வளையல் போட்டார். கண்ணில் தண்ணீரோடு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடாமல் நாலைந்து படம் எடுத்தேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாப் படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஜமக்காளக் கோடு மாதிரி, பாட்டியின் முகத்துக்கு மேலேயே இரண்டு பட்டைகள். கேமராவின் சின்னத் திரையில், அவசரத்தில், நான் கவனிக்கவே இல்லை.

கேமரா கெட்டுப்போய்விட்டது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது, அதே தம்பி வந்து பார்த்தான். ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டான். "அக்கா, கேமரா நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரு கரண்டு ஒரு செகண்டுக்கு 50 சுற்று. அதனாலே இந்த மாதிரி விளக்கு செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. சைலண்ட் முறையிலே கேமரா படத்தை வரிவரியாத்தான் பதிவு பண்ணும். விளக்கு மங்கின நேரத்திலே பதிஞ்ச வரியெல்லாம் கறுப்பாயிடும். சைலண்டை எடுத்துட்டு, ஷட்டரை 50-ல் ஒரு பங்கு இல்லே 100-ல் ஒரு பங்கு செகண்டிலே வெச்சா பெரும்பாலும் வராது" என்றான்.

இருபத்திரண்டு வருஷ அனுபவம் எனக்கு. ஒன்றும் தெரியவில்லையே! 'இப்படிச் செய்' என்று மாமா கற்றுக் கொடுத்தார். 'ஏன் அப்படிச் செய்கிறோம்' என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விளக்கு மாறாத வரை அந்த அனுபவம் போதுமானதாக இருந்தது. விளக்கு மாறியதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். "அவங்க சிரிச்ச அந்தப் படம் பெரிசா வேணும்" என்று கேட்டு வந்தார்கள். எவ்வளவோ சரிசெய்து பார்த்தோம். பட்டை முழுசாகப் போகவில்லை. வாங்கிய பணத்தை ஒரு பைசா விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது? இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போனால் தலை நிமிர்ந்து நடக்க எனக்குத் தெம்பில்லை.

சமையலில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். இந்தத் தொழிலில் தவறினால், அந்த நிமிஷம் திரும்பி வராது, சகோதரிகளே. அதனால்தான் படிப்பா அனுபவமா என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பேர் பெற்றவர்கள் எப்படி வந்தார்கள்?

பெண்ணும் அப்பாவும் ஆளுக்கு ஓர் உதாரணம் காட்டிச் சண்டை போட்டதில் எனக்கும் பல விஷயங்கள் தெரிந்தன.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தில் பிறந்தவர். சுதந்திரம் வந்த காலத்துத் தலைவர்களையெல்லாம் படம் பிடித்தவர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். ஆனால் கேமராவைக் கற்றுக் கொடுத்தது பிற்பாடு அவருக்குக் கணவராக வந்த மானெக்ஷா. ஆரம்பத்தில் இவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தனவாம்! 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். இவரிடம் படிப்பும் இருந்தது, கைப்பழக்கமும் இருந்தது.

சினிமாப் பக்கம் பாருங்கள். பி.ஆர்.பந்துலுவின் மகள் பி.ஆர்.விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். 1985-ல் வந்த 'சின்ன வீடு' படத்தில் தனியாக ஒளிப்பதிவு செய்தார். 2002-ல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரண்ட்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பவுசியா பாத்திமாவோ, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். ஒருவர் பட்டறை வழி, ஒருவர் பள்ளி வழி. இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

உலகப் புகழ் பெற்ற ரகு ராய் படித்தது சிவில் இன்ஜினீயரிங். கேமராவைக் கையில் எடுக்க வைத்தது அண்ணன் எஸ்.பால். "பார்த்தியா!" என்றார் என் கணவர். "அப்பா, வீட்டிலே எஸ்.பால் மாதிரி அண்ணன் இருந்தா நானும் காலேஜ் போக மாட்டேன்" என்றாள் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். "இன்னும் அட்மிஷனுக்கு நாள் இருக்கு. அதுவரை கடையிலே வந்து உட்காரு. கல்யாணத்துக்குப் பெட்டி தூக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு திரும்பின பிறகும் ஆசை மிச்சமிருந்தா, காலேஜைப் பத்திப் பேசுவோம்."

பெண் இரண்டு மாதம் உழைத்தாள். ஒருநாள் கால் வீங்கி, "வெந்நீர் வெச்சுக் கொடும்மா" என்றாள். ஆனால் மறுநாள் அவளே முதலில் கிளம்பி நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நானும் அவளும் ஒரு கல்லூரிக்குப் போய் விசாரித்தோம். மகளைச் சேர்க்கப்போகும் தாய்மார்கள் கூச்சப்படாமல் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

மூன்று வருஷத்தில் போட்டோகிராபிக்கு எத்தனை மணி நேரம்? விஸ்காம் என்றால் விளம்பரம், எழுத்து, வீடியோ, வரைகலை என்று பலதும் கலந்திருக்கும். கேமரா அதில் ஒரு பகுதிதான்.

கல்லூரியில் எத்தனை கேமரா இருக்கிறது, எத்தனை பிள்ளைகள்? பத்துப் பேருக்கு ஒரு கேமரா என்றால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

சொல்லிக் கொடுப்பவர் தானும் தொழில் செய்கிறவரா? முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள்.

பீஸைத் தவிர கேமரா, கம்ப்யூட்டர், பயணம், பிரிண்ட் என்று என்ன ஆகும்? இதைக் கேட்காமல் விட்டால் இரண்டாம் வருஷத்தில் நகை அடகுக் கடைக்குப் போக நேரும்.

பட்டம் எங்கே அவசியம், எங்கே அவசியமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை, ஆல்பத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பிற்காலத்தில் கல்லூரியில் ஆசிரியையாகப் போக வேண்டுமானால் முதுகலைப் பட்டமும் அதற்கு மேல் நெட், செட் போன்ற தகுதிகளும் வேண்டும். பெரிய கம்பெனிகளிலும் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பத்தையே பார்க்கிறார்கள். சினிமா ஒளிப்பதிவு என்றால், சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஊட்டி பக்கம் போட்டோகிராபிக்கென்றே லைட் அண்ட் லைஃப் அகாடமி என்று ஒரு பள்ளி நடக்கிறது.

இவ்வளவு தூரம் போக முடியாத கிராமத்துப் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில், போட்டோ, வீடியோ எடுக்கச் சுமார் ஒரு மாதப் பயிற்சி கற்றுக் கொடுக்கிறார்கள். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். உங்கள் மாவட்டத்து நிலையத்தில் அடுத்த வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள்.

கடையில் சேர்க்கிறீர்களா?

ஸ்டுடியோவில் வேலை கற்க அனுப்பினாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் டீ வாங்கவும் ஆல்பம் ஒட்டவும் மட்டும் வைத்திருந்தால் அது கல்வியாகாது. எப்போது கேமராவைக் கையில் கொடுப்பார்கள், சம்பளம் என்ன என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இரவு நிகழ்ச்சிக்குப் பெண்ணை அனுப்பினால் யார் கூட வருகிறார்கள், எப்படித் திரும்புகிறாள் என்று தெரிந்துகொள்வதும் நம் பொறுப்பு.

சொந்தமாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே விலை உயர்ந்த கேமராவுக்குக் கடன் வாங்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய கேமராவும் ஒரு லென்ஸும் போதும். நாங்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. எவ்வளவு தூக்கம் வந்தாலும், எடுத்த படங்களை அன்று இரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்போம். அதுவரை கார்டை அழிக்க மாட்டோம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பிறந்த குழந்தையைப் படம் எடுப்பது இப்போது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பெண்களுக்கு ஏற்றதும்கூட. ஆனால் அழகுக்காகக் குழந்தையை வருத்தக் கூடாது. இரண்டு கையில் தாடையைத் தாங்கிக் குழந்தை உட்கார்ந்திருப்பது போல வரும் படங்களைப் பார்த்து, நீங்களும் அப்படி உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தலையைப் பிடித்து ஒரு படம், கையைப் பிடித்து ஒரு படம் என்று தனித்தனியாக எடுத்து, பிறகு ஒட்டிச் சேர்ப்பார்கள். குழந்தையின் பக்கத்திலேயே ஒரு கை எப்போதும் இருக்கட்டும். அறை கதகதப்பாக இருக்கட்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம். எடுப்பவர் கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். குறை மாதக் குழந்தையென்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். குழந்தை அழுதால் வேலையை நிறுத்திப் பாலைக் கொடுங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் வீட்டில்...

என் பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள். லீவுக்கு வரும்போதெல்லாம் கடையில் வேலை. என் கணவர் பீஸ் கட்டும் நாளில் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறார். அதற்காக வருகிற சின்னச் சின்ன ஆர்டர்களைக்கூட விடாமல் ஓடுகிறோம். இந்தச் செலவு திரும்பி வருமா என்று எனக்கும் சில ராத்திரிகளில் பயம் வருகிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன லீவில் அவள் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "என்னம்மா பார்க்கிறே?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த அபர்ச்சர், ஷட்டர் ரெண்டுக்கும் என்னடி சம்பந்தம்? கையாலே திருப்பத் தெரியும், வாயாலே சொல்லத் தெரியலை" என்றேன். "குடத்திலே தண்ணி பிடிக்கிறதுதாம்மா. குழாயைப் பெரிசாத் திறந்தா சீக்கிரம் நிரம்பும், சின்னதாத் திறந்தா நேரமாகும். குடம் வெளிச்சத்தாலே நிரம்பணும், அவ்வளவுதான்" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் நான் நிரப்பிக்கொண்டிருந்த குடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது!

மறுநாள் ஒரு கல்யாணம். கெட்டிமேளத்துக்கு முன்னால் அவள் எங்கோ விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கையைப் பிடித்து மணமேடை ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினேன். "இங்கேயே நில்லு. நகராதே" என்றேன்.

"ஏம்மா?" என்றாள்.

"இப்ப எல்லாரும் எழுந்திருப்பாங்க, பாரு" என்றேன்.

எழுந்தார்கள். படம் அவளுக்குக் கிடைத்தது.